பரணியில் வளர்ந்தது

கண்ணாடிப் பரணியின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணி உள்பக்கமாகக் குழிந்திருந்தது.

சீனித்தாய் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரப்பர் வளையம் தளர்ந்திருக்கும் என்று நினைத்து, துணியை நாலு பக்கமும் இழுத்து விறைப்பாக வைத்து, வளையத்தை இரண்டு சுற்றாகப் போட்டாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டுத் திரும்பியபோது துணி மறுபடியும் குழிந்திருந்தது. அடுக்களை ஜன்னல் சாத்திக் கிடந்தது. திறந்திருந்தாலும் பங்குனி மாதத்துத் தூத்துக்குடியில், காலை பதினோரு மணிக்கு, எந்தக் காற்று வந்துவிடப் போகிறது? உப்பும், பின்தெருவில் காயும் கருவாடும், துறைமுகத்தில் இறக்கும் நிலக்கரியின் தூளும் கலந்த வெக்கை ஒன்றுதான் அந்த வீட்டுக்குள் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். அந்த வெக்கையில் துணி, உள்ளேயிருந்து யாரோ வாய் வைத்து உறிஞ்சுகிற மாதிரி, நடுவில் ஒரு குழியோடு நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல, மிக மெல்ல, சமனாயிற்று.

பிறகு லேசாக மேலே உப்பிற்று.

பரணிக்குள் கிடந்த காளான் அவள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு, பக்கத்து வீட்டு ஹேமாம்புஜம் மாமிதான் கொண்டுவந்தாள். மாமிக்கு ஆழ்வார்திருநகரி, அவள் வீட்டுக்காரர் பாங்கில் வேலை மாற்றலாகி இங்கே வந்தவர். மாமி நீட்டிய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பழுப்பு நிறத் தண்ணீரில், கல்லில் கனமாக வார்த்து வேகாமல் எடுத்த தோசை மாதிரி ஒன்று மிதந்தது. அதன் அடியில் பழுப்பு நூல்கள் தொங்கின.

"பயப்படாதேங்கோ. பெங்களூர்லேர்ந்து எங்க நாத்தனார் கொடுத்தனுப்பினா. காளான் டீன்னு இப்போ ஊரெல்லாம் இதுதான் பேச்சு" என்றாள் மாமி. "தேயிலைத் தண்ணியில சக்கரை போட்டு, நன்னா ஆறினப்புறம் இதை மிதக்க விடணும். இதுக்குத் தாய்னு பேர். எட்டு நாள் தொடப்படாது. எட்டாம் நாள் மேலாக்கப் புதுசா ஒரு ஆடை படிஞ்சிருக்கும். அது பிள்ளை. அதைப் பிரிச்செடுத்து வேற யாருக்காவது கொடுத்துடணும். ஆத்துலயே வச்சுக்கப்படாது."

"இதக் குடிச்சா என்ன ஆகும் மாமி?"

"எங்காத்துக்காரருக்குச் சக்கரை எறங்கிடுத்து. உங்க மைனிக்கும் கைகால் வந்தாலும் வரும், யார் கண்டா?"

உள்ளறைக் கட்டிலிலிருந்து பூலம்மாளின் குரல் வந்தது. "குடுத்துட்டுப் போங்க மாமி. இவளுக்குப் பிள்ள பாட்டிலுக்குள்ளதான் வளரும்னு இருக்கு போல."

மாமி முகம் சுண்டிப் போய் எழுந்து போனாள். சீனித்தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கேட்கிற பேச்சு.

பூலம்மாள் அவள் கணவன் சொரிமுத்துவின் அக்காள். ஏரல் பக்கம் ஆற்றுப்பாசன வயல்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில் ராணி மாதிரி இருந்தவள். கார்த்திகையில் ஒருநாள் களத்துமேட்டில் விழுந்தாள். வாதம் அவளுடைய வலது கையையும் காலையும் வாங்கிக்கொண்டு, நாக்கை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. பம்பாயில் இருந்த இரண்டு மகன்களும் ஆளுக்கொரு கடிதம் போட்டதோடு சரி. துறைமுகத்தில் கப்பல் சரக்குகளை எண்ணிக் குறிக்கிற வேலையில் இருந்த சொரிமுத்து, லீவு போட்டுப் போய் அக்காளைக் காரில் தூக்கிவந்து தன் வீட்டு உள்ளறையில் கிடத்தினான். சீனித்தாயிடம் கேட்கவில்லை. அக்காளுக்குப் பீ மூத்திரம் அள்ளுவது யார் என்பதையும் யாரும் கேட்கவில்லை.

சீனித்தாய்க்கு நாற்பத்துமூன்று வயது. இருபத்துநாலாவது வயதில் ஒருமுறை உண்டாகியிருந்தாள். ஐந்து மாதம். அப்போது சொரிமுத்துவுக்கு ராத்திரி ஷிஃப்ட் என்பதால் அவளைப் பூலம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தான். அங்கே சளி பிடித்து, அக்காள் காய்ச்சிக் கொடுத்த புளிப்பான கஷாயத்தைக் குடித்துப் படுத்தவள், விடிவதற்குள் பாயெல்லாம் ரத்தமாகக் கிடந்தாள். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அவளுக்குப் புளிப்பு ஆகாது. வாயில் பட்டாலே குமட்டும்.

அதனால் அவள் அந்த டீயை ஒருநாளும் குடித்துப் பார்க்கவில்லை. போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான். ஊறுகாய் போட வைத்திருந்த பெரிய கண்ணாடிப் பரணியைக் கழுவி, டீயை ஆற்றி ஊற்றி, காளானை மிதக்கவிட்டு, அடுக்களையின் இருட்டு மூலையில் வைத்தாள். முதல் இரண்டு நாள் தேயிலை வாசம் வந்தது. நாலாம் நாள் வெயிலேறிப் புளிக்கத் தொடங்குகிற பதநீரின் வாசம். எட்டாம் நாள் துணியை அவிழ்த்தபோது வந்த வாசத்தை அவளால் இன்னதென்று சொல்ல முடியவில்லை. பால் கக்கிய கைக்குழந்தையைத் தோளில் போட்டிருக்கிறவர்கள் பக்கத்தில் நின்றால் வருமே, அது மாதிரி ஒன்று.

தாயின் மேலே ஒரு புது ஆடை படிந்திருந்தது. விரல் கனம். வெளுத்த, வழவழப்பான, பரணியின் வாயளவுக்கு வட்டமான ஆடை. பிரித்தெடுத்தபோது 'ப்ச்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அதை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, தெருவில் யாருக்குக் கொடுக்கலாம் என்று அவள் வாசலுக்குப் போனபோது பூலம்மாள் சிரித்தாள்.

"ஏளா, நீயா பிள்ள குடுக்கப் போற? வளைகாப்பு வீட்டுக்கே ஒன்னயக் கூப்பிட மாட்டாளுவ. ஒங்கையால எவ வாங்குவா? இங்கன கொண்டா. உப்பும் வத்தப்பொடியும் போட்டு வதக்குனா கணவாய் மீனு மாதிரி இருக்கும்."

சீனித்தாய் வாசல் படியில் கொஞ்சநேரம் நின்றாள். எதிர்வீட்டில் ஒரு பெண் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். சீனித்தாய் உள்ளே திரும்பி வந்து, அடுப்பை மூட்டி, அதைக் கீறிக் கீறி வதக்கினாள். அக்காள் பாதி தின்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் தம்பி பாதி தின்றான். நல்லாயிருக்கு என்றார்கள் இரண்டு பேரும்.

வாரம் ஒரு பிள்ளை. வாரம் ஒரு வதக்கல்.

மூன்றாவது வாரம் பூலம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஐந்தாவது வாரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தொங்கப்போட்டாள். வைத்தியம் பார்த்த டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆச்சரியத்தோடு தலையை ஆட்டினார். சொரிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனும் காலையும் மாலையும் இரண்டு டம்ளர் குடித்தான். ஆபீஸ் மேஜையில் தூங்கி விழுவது நின்றுவிட்டது என்றான்.

ஆனால் அவர்களுக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை. வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. டம்ளர் மட்டும் காலியாயிற்று. பூலம்மாளின் கருத்த தோல் நாளுக்கு நாள் வெளுத்தது. உடம்பு துடைக்கும்போது சுருக்கங்களெல்லாம் உள்ளேயிருந்து நிரம்பிக்கொண்டு வருவதும், துணியில் ஒரு வழவழப்பு ஒட்டுவதும் சீனித்தாய்க்குத் தெரிந்தது. சொரிமுத்துவின் முன்னங்கை மயிர் கொட்டிப்போயிருந்தது. அவன் பக்கத்தில் படுக்கும்போது அந்த வாசம் வந்தது. பால் கக்கிய வாசம். அவள் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

இப்போது துணி.

அன்று சோறு பொங்கி வடித்து முடிக்கும்வரை அவள் பரணியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. துணி குழிந்தது. சமனாயிற்று. உப்பிற்று. மறுபடி குழிந்தது. அவள் தன்னை அறியாமலே அதை எண்ணத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் உள்ளறையிலிருந்து வரும் பூலம்மாளின் மூச்சு அவள் காதில் விழுந்தது. இழுத்து விடுகிற கனத்த மூச்சு. துணி குழியும்போது அது உள்ளே போயிற்று. துணி உப்பும்போது வெளியே வந்தது. முன்னறையில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த சொரிமுத்துவின் குறட்டையும் அதே கணக்கில்தான் ஏறி இறங்கியது.

வீட்டில் மூன்று மூச்சு ஒன்றாக ஓடியது. அவளுடையது மட்டும் தனியாக.

மதியம் பூலம்மாளுக்கு டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பூலம்மாள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு உதட்டை நக்கினாள். முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை. வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றிப் பேசுகிற முகம்தான்.

"நல்லாப் புளிச்சிருக்கு. அன்னைக்கு நான் குடுத்த கஷாயமும் ஒனக்கு இப்பிடித்தான் புளிச்சிதோ?"

"எந்தக் கஷாயம் மைனி?"

"ஒரு கஷாயந்தான குடுத்தேன். ஆளு வச்சுப் பறிச்சாந்த வேரு. அஞ்சு மாசமாச்சே, நிக்குமோ கலையுமோன்னு இருந்தேன். கலைஞ்சிட்டு." டம்ளரை அவளிடம் நீட்டினாள். "தம்பிக்கு ஒரு ஆம்பளப் பய பொறந்தா எங்க அய்யா விட்டுப்போன ஆத்துவயலு ரெண்டா ஆயிரும்லா? எம்பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? பொம்பளப் பிள்ளையா இருந்திருந்தா விட்டிருப்பேன். என்ன பிள்ளன்னு முன்னக்கூட்டி யாரு கண்டா? இன்னும் ஒரு டம்ளர் ஊத்து."

சீனித்தாய் போய் இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை அதன் பாட்டுக்குச் செய்தது.

சாயங்காலம் சொரிமுத்து எழுந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் போய் நின்றாள்.

"ஒங்க அக்கா சொல்லுதாவ, எம்பிள்ளைய அவுகதான் கலைச்சாகளாம்."

அவன் கை நின்றது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவன் திகைக்கவில்லை. அவள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு திகைப்பு வரும், வந்துவிடும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"பழசக் கிண்டாத ஏளா."

"தெரியுமான்னு கேக்கேன்."

"நாலு நாள் கழிச்சுத்தான் எங்கிட்டச் சொன்னா. என்ன செய்யச் சொல்லுத? வளத்த அக்கால்லா?" அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துண்டில் மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்ததை அவன் கவனிக்கவில்லை. "இப்பம் எல்லாம் சரியாப் போச்சு. அவளும் தேறி வாரா. டீய ஊத்து, போ."

பத்தொன்பது வருஷம் அவள் கோவில் கோவிலாகச் சுற்றினாள். சஷ்டிக்குப் பட்டினி கிடந்தாள். குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் குறத்தி வேஷம் கட்டிப் பிச்சையெடுத்துப் போய்க் காணிக்கை போட்டாள். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இந்த மனுஷன்தான் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லாம் தெரிந்துகொண்டே வந்தான்.

அவள் அழவில்லை. டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் அவனுக்கு வார ஓய்வு. காலை ஒன்பது மணிக்குச் சீனித்தாய் பரணியைத் துணியோடு ஒயர்க்கூடையில் இறக்கி, மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினாள். வாசல் நடையில் உட்கார்ந்திருந்த சொரிமுத்து எங்கே என்று கேட்கவில்லை. கூடையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை, வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. அவள் தாண்டிப் போனாள்.

கடற்கரையில் வள்ளங்கள் மணலில் ஏற்றிக் கிடந்தன. ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து பவுல் என்கிற மீன்காரன் வலை முடைந்துகொண்டிருந்தான். அவள் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிப் பரணியைக் கவிழ்த்தாள். டீ கொட்டிற்று. காளான் வரவில்லை. கண்ணாடியை அப்பிப் பிடித்துக்கொண்டிருந்தது. உலுக்கினாள். வரவில்லை. கடைசியில் கையை உள்ளே விட்டாள்.

சூடாக இருந்தது.

வெயிலின் சூடு இல்லை. உடம்புச் சூடு. அதன் நடுவில் ஓரிடம் மற்ற இடத்தைவிட மெத்தென்று, விரலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தைகளின் உச்சிக்குழி துடிப்பதை அவள் மற்றவர்கள் மடியில் பார்த்திருக்கிறாள். தொட்டதில்லை. தொட யாரும் விட்டதில்லை. அவள் அதை வெளியே எடுத்து, தூக்கி எறியப்போனவள், ஒரு நொடி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள்.

பவுல் வலையைப் போட்டுவிட்டு எழுந்துவந்திருந்தான். "என்னக்கா அது, வலையில வழவழன்னு மாட்டுமே, அந்தச் சொறி மீனா?"

அவன் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். அப்படியே இரண்டடி பின்னால் போனான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அக்கா, அது மூச்சு விடுது."

"கெட்டுப்போன சாமான், தம்பி."

"வேண்டாம், தண்ணியில போடாதிய. நாங்க இதுலதான் வல வீசுதோம்."

அவள் கையை விரித்தாள். ஒரு அலை வந்து அதை வாங்கிக்கொண்டது. நீருக்குள் அது அகன்று, ஒரு வெளுத்த உள்ளங்கை மாதிரி விரிந்து, மெல்ல ஆழத்துக்குப் போயிற்று. பரணியையும் அங்கேயே விட்டுவிட்டுக் கரையேறினாள். உடம்பு லேசாக இருந்தது. வேம்பாரில் அவள் தம்பி இருந்தான். பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ் உண்டு. வீட்டுக்குப் போய் நாலு சேலையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஏறிவிடவேண்டியதுதான்.

தெருமுனையிலேயே அந்த வாசம் வந்துவிட்டது.

அவள் நின்றாள். பரணி கடலில் கிடந்தது. வாசம் மட்டும் எங்கிருந்து வருகிறது? ஹேமாம்புஜம் மாமி தன் வீட்டு ஜன்னலை உள்ளிருந்து அவசரமாகச் சாத்தினாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசல் நடையில் சொரிமுத்து இல்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம். அங்கிருந்து முன்னறை வழியாக உள்ளறை வரைக்கும் ஒரு ஈரக் கோடு, ஏதோ கனமானதை இழுத்துக்கொண்டு போனதுபோல. கோட்டில் பழுப்பு நூல்கள் கிடந்தன. ரேடியோ பாடவில்லை. மின்விசிறி சுற்றவில்லை, கரண்ட் இல்லை. பதினொன்றரை மணி வெயில் ஓட்டுக் கண்ணாடி வழியாக இறங்கித் தரையில் ஒரு சதுரமாகக் கிடந்தது. ஈரக் கோடு அந்த வெளிச்சத்தைக் கடந்து போயிற்று.

"என்னங்க?"

அவள் நடையைத் தாண்டி முன்னறைக்குள் வந்தாள்.

சேலைகள் இருந்த பெட்டி உள்ளறையில் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாம். கட்டின சேலையோடு போனாலும் தம்பி ஒன்றும் சொல்லமாட்டான். அவள் கால் திரும்பவில்லை.

உள்ளே ஒரு சத்தம்.

கிரீச். கொஞ்சம் இடைவெளி. கிரீச்.

கட்டில் சட்டம் அசைகிற சத்தம். சீராக. யாரோ எதையோ ஆட்டுகிற மாதிரி.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தாயைத்தான் கொண்டுபோய்க் கடலில் போட்டிருக்கிறாள். பிள்ளைகளை இல்லை. பதினொரு வாரத்துப் பிள்ளைகளையும் இவர்கள் இரண்டு பேருக்கும் வதக்கிப் போட்டது அவள் கைதான்.

உள்ளறை வாசலில் பழைய சேலைத்திரை தொங்கியது. அது குழிந்தது. உப்பிற்று.

குழிந்தது.

கையை நீட்டினாள். திரை ஈரமாக இருந்தது. விலக்கினாள்.

அக்காள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சொரிமுத்து எதிரே நாற்காலியில். கண்கள் திறந்திருந்தன, இரண்டு பேருக்கும். மூக்குக்குக் கீழே முகம் இல்லை. அங்கே ஆடை. வெளுத்த, வழவழத்த, விரல் கனத்தில் ஆடை. அக்காளின் வாயிலிருந்து கிளம்பியது தம்பியின் வாயிலிருந்து வந்ததோடு நடுவில் சேர்ந்து ஒன்றாகி, தூளி கட்டினதுபோலத் தொய்ந்து தொங்கியது. தூளிக்குள் கனமாக ஏதோ கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் ஊடே விழுந்து, சுருண்டிருந்த ஒரு முதுகின் நிழல் தெரிந்தது. பூலம்மாள் தன் வலது கையால், வாதம் வாங்கிப்போன அந்தக் கையால், தூளியின் விளிம்பைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கிரீச்.

சீனித்தாயின் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

தூளி நின்றது. உள்ளே கிடந்தது மெல்லப் புரண்டு, அவள் நின்ற பக்கமாகத் திரும்பிற்று.

சொரிமுத்து அவளைப் பார்த்தான். கோபமில்லாத, களைத்துப்போன, தகப்பனின் பார்வை. கையைத் தூக்கினான். வாய் இருந்த இடத்தில், அந்த ஆடையின் மேல், ஒற்றை விரலை வைத்தான். சத்தம் போடாதே என்று.